ஐந்து துளையும் ஒரே இடத்தில்: பழைய 0.22 பயிற்சி ரைஃபிளில் சுடப் பழகுவது எப்படி?

முதல் தடவை ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு) போகிற என்.சி.சி. கேடட்டுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ரைஃபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இது உதவும்.

நாம் கையில் எடுக்கப்போவது நம்பர் 2 மார்க் 4 என்கிற 0.22 ரைஃபிள் (0.22 என்பது குழல் துளையின் அகலம், அங்குலத்தில்). முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் சுமந்த 0.303 லீ என்ஃபீல்டின் உடம்புதான் இதற்கும். குழலையும், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டின் தலையையும் சின்னத் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றியிருப்பார்கள். 0.303 தோட்டா விலை கூடுதல், தோளில் உதைக்கும், நீளமான ரேஞ்ச் வேண்டும். 0.22-இல் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கனம், போல்ட், ட்ரிகர் எல்லாம் போர்த் துப்பாக்கியைப் போலவே இருக்கும். கிட்டத்தட்ட 4 கிலோ. பழகுவதற்கு இதைவிட நல்ல துப்பாக்கி எனக்குத் தெரியாது.

படி 1: பாதுகாப்பு

சின்னத் தோட்டாதானே என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஈயக் குண்டு 2.6 கிராம்தான், ஆனால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் போகும். அதனால் குழலின் வாய் எப்போதும் இலக்கு மேட்டைப் பார்த்தே இருக்கட்டும். சுடப்போகும் நொடி வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. துப்பாக்கியை யார் கொடுத்தாலும் போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்ட ஆயுதம் இது; அனுமதி பெற்ற ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் தொட வேண்டும்.

படி 2: படுக்கும் நிலை

குப்புறப் படுங்கள். வலக்கைக்காரர் என்றால் உடம்பு இலக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கால்களை அகட்டி, குதிகால் தரையைத் தொடட்டும். இடது முழங்கை துப்பாக்கிக்கு நேர் கீழே வர வேண்டும். எடையைத் தாங்குவது எலும்பு, தசை அல்ல. துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் இருக்கும் பித்தளைத் தகட்டைத் தோள்குழியில் நன்றாக அழுத்தி வையுங்கள்.

இப்போது ஒரு சோதனை. குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாதீர்கள். இடது முழங்கையை அசைக்காமல் இடுப்பை நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்த குறி, சுடும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

படி 3: தோட்டா போடுவது

இந்த ரைஃபிளில் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால்தான் போட வேண்டும். கீழே தெரியும் மேகசின் வெறும் கூடு. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடுகள் அதில் விழும். போல்ட்டை முன்னால் தள்ளும்போது கடைசியில் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். புதியவர்கள் அங்கே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தயங்காமல் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்குங்கள்.

படி 4: குறி

எல்லாம் இங்கேதான் இருக்கிறது. குறி பார்க்கக் குழல்மேல் முன்னும் பின்னும் இருப்பவை சைட்டுகள். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் முன் சைட்டின் முனை, இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில், அதற்கு மேல் இலக்கின் கறுப்பு வட்டம். மூன்றையும் ஒரே சமயம் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட்டின் முனை. வட்டம் மங்கலாக இருக்கட்டும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் அரை மீட்டர். இலக்கு 25 மீட்டரில். பள்ளத்துக்குள் முனை 1 மில்லிமீட்டர் விலகினால் காகிதத்தில் 5 சென்டிமீட்டர் விலகும். வட்டத்தை 1 மில்லிமீட்டர் தள்ளிக் குறிபார்த்தாலோ, விலகுவதும் அதே 1 மில்லிமீட்டர்தான்.

படி 5: மூச்சும் ட்ரிகரும்

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்கள். ஆறேழு நொடிக்குள் சுட முடியவில்லையா? விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், அவசரமே இல்லை. ட்ரிகருக்கு இரண்டு கட்டம்: முதலில் லேசாக வரும், பிறகு தட்டி நிற்கும். அந்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். சுட்ட பிறகும் விரலை அப்படியே வைத்து, குறியை ஒரு நொடி பார்த்துக்கொண்டிருங்கள்.

என் முதல் ஐந்து குண்டுகள் ஊர் ஊராகப் போயின. ஒன்று காகிதத்திலேயே இல்லை. எங்கள் ஹவில்தார் சார் திட்டவில்லை. சேம்பரில் ஒரு வெற்றுக் கூட்டைப் போட்டு, குழல்மேல் இருந்த மரமூடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். "காசு விழாம அழுத்து தம்பி" என்றார். இருபது தடவைக்குமேல் விழுந்தது. மறுநாள் என் ஐந்து துளைகளையும் ஒரு தீப்பெட்டியால் மூட முடிந்தது. (வெற்றுக் கூடு இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி சேம்பரின் விளிம்பில் அடித்து, பழைய துப்பாக்கி பாழாகிவிடும்.)

சில சமயம் ட்ரிகரை அழுத்தியும் வெடிக்காது. போல்ட்டைத் திறக்காமல், குழலின் வாயை இலக்கின் பக்கமே வைத்து, 30 நொடி காத்திருந்து கை தூக்குங்கள்.

படி 6: காகிதத்தைப் படிப்பது

நடு வட்டத்தைத் தேடாதீர்கள். ஐந்து துளைகளும் நெருக்கமாக இருக்கின்றனவா? அதுதான் க்ரூப்பிங். மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சைப் பாருங்கள். பக்கவாட்டில் சிதறினால் ட்ரிகர் விரலை. நெருக்கமாக இருந்தும் மொத்தமாக இடப்பக்கம் விழுந்திருந்தால் தப்பு பெரும்பாலும் உங்களுடையது அல்ல, சைட்டுடையது. ஆர்மரர் (துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவர்) முன் சைட்டை இடப்பக்கமே நகர்த்துவார். 1 மில்லிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் என்ற அதே கணக்கு. சிதறிய துளைகளை வைத்து அவராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

கடைசியாகக் குழலில் புல் த்ரூ (துணி கட்டி இழுக்கும் கயிறு) போட்டுத் துடையுங்கள். அந்தக் கயிறும் எண்ணெய்ப் புட்டியும் பித்தளைத் தகட்டின் சின்னக் கதவுக்குள்ளேயே இருக்கும். விரலில் ஈயம் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டிபன் பொட்டலத்தைப் பிரியுங்கள்.