வானத்து வெளிச்சத்துக்குப் பனைமரக் கணக்கு வேண்டாம்

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ராத்திரி வானத்தில் எதையோ பார்த்தவரிடம் "எவ்வளவு உசரத்துல போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு பனை உசரம் இருக்கும்" என்று உடனே பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குக் கிடைக்காத விவரத்தை மனசு போட்டு நிரப்பிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு கண்ணும் சேர்ந்து தூரம் காட்டுவது பக்கத்துப் பொருளுக்குத்தான் நன்றாக எடுபடும். அதைத் தாண்டினால் மரம், வீடு, மலை என்று தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறோம். இருட்டில் ஒற்றை வெளிச்சத்துக்கு அந்த ஒப்பீடு ஏது? தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. தலைக்கு மேலே பறக்கும் ட்ரோனும், சுமார் 400 கி.மீ. உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. வேகத்தில் போகும் சர்வதேச விண்வெளி நிலையமும் வெறும் நகரும் புள்ளிகளாகத் தெரியலாம். ஆகவே "பஸ் தண்டி இருந்தது" என்பதை விடுங்கள். கையை நீட்டி, சுண்டுவிரலால் மறைகிறதா என்று பாருங்கள். நீட்டிய அந்த விரலின் அகலம் வானத்தில் சுமார் ஒரு டிகிரி கோணம். முழுநிலா அதில் பாதிதான். நம்பாதவர்கள் பௌர்ணமியன்று மொட்டைமாடிக்குப் போகலாம்.

அடுத்தது, ஆடியதாகத் தோன்றினால் ஆடியது என்றே முடிவு கட்டுவது. கும்மிருட்டில் அசையாத புள்ளியை உற்றுப் பார்த்தாலே அது அலைவதுபோல் தெரியும். 1799-இல் டெனெரீஃப் தீவின் மலையில் ஹம்போல்ட் என்ற பெரிய அறிவியலாளருக்கே நட்சத்திரங்கள் ஊசலாடின. 1935-இல் உளவியலாளர் முசாபர் ஷெரீஃப் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். இருட்டறையில் அசையாத ஒரு வெளிச்சத்தைக் காட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டார். தனியாகப் பார்த்தபோது ஆளுக்கொரு அளவு சொன்னவர்கள், கூட்டாக உட்கார்ந்ததும் போகப்போக ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டார்கள். "நாங்க நாலு பேர் பார்த்தோம்" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பேசிக்கொள்வதற்கு முன்பே ஆளுக்கொரு தாளில் எழுதினால்தான் நாலு சாட்சி.

புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்ப்பதும் உண்டு. 1968 மார்ச் 3 அன்று சோவியத்தின் ஸோண்ட் 4 விண்கல ஏவலில் மிஞ்சிய ராக்கெட் பாகம் அமெரிக்க வானில் எரிந்து விழுந்தது. பார்த்தவர்களில் சிலர், ஜன்னல் வைத்த நீளமான கலம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். தனித்தனியாக எரிந்த துண்டுகளுக்கு நடுவே இருந்த இருட்டு, அவர்களுக்குக் கலத்தின் உடம்பாகிவிட்டது.

நம்ம பக்கம் முதலில் கழிக்க வேண்டியவை சில. காற்றாலை உச்சியின் சிவப்பு விளக்கு: கோபுரம் இருட்டில் தெரியாது, விளக்கு மட்டும் தொங்கும். வெள்ளிக் கிரகம்: சூரியனைவிட்டு சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகாது, சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம், இல்லையென்றால் விடியுமுன் கிழக்கே கடல்பக்கம். நடுராத்திரி உச்சியில் நின்றது வெள்ளி இல்லை. நம்மை நோக்கி விளக்குப் போட்டுக்கொண்டு வரும் விமானமும் சில நிமிடம் நின்ற மாதிரியே இருக்கும். அப்புறம், "மகேந்திரகிரியில ராக்கெட் விட்டிருப்பாங்க" என்றொரு பேச்சு. அங்கே இருக்கும் இஸ்ரோ மையத்தில் நடப்பது எஞ்சின் சோதனை; ராக்கெட் தரையைவிட்டுக் கிளம்புவதில்லை.

போனில் ஜூம் பண்ணாதீர்கள். ஃபோகஸ் தவறினால் வெள்ளியே வட்டத்தட்டாகிவிடும். அகலமாக வைத்து, ஓரத்தில் கூரையோ கரண்ட் கம்பமோ தெரிகிற மாதிரி எடுங்கள். நேரம், திசை, எத்தனை விரல் உயரம், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.