மின்சார காரா, பெட்ரோல் காரா: கணக்கு சறுக்கும் இடங்கள்

“யூனிட் அஞ்சு ரூபா, ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், அப்போ கிலோமீட்டருக்கு எழுபது காசு.” மின்சார கார் வாங்க நினைப்பவர்கள் பலரும் முதலில் போடும் கணக்கு இது. தமிழ்நாட்டில் வீட்டு மீட்டரில் சார்ஜ் போடுபவருக்கு இது பெரும்பாலும் பொய்க்கும்.

காரணம் ஸ்லாப், அதாவது செலவாகும் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும் முறை. இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் செலவாகும் வீடு என்று வையுங்கள். கார் மாதம் 1,000 கி.மீ. ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் வரை கூடும். மொத்தம் 670. 500ஐத் தாண்டியதுமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த பாதி விலை போய்விடும். மேலே ஏறும் யூனிட்டுகள் எட்டு, ஒன்பது ரூபாய். 2024 ஜூலை கட்டணப்படி சுமார் 940 ரூபாய் வந்த பில் 3,540 பக்கம் போகும். ஆக, கார் குடித்த மின்சாரம் யூனிட் எட்டு ரூபாய்க்குச் சற்று மேல். இலவச 100 யூனிட்டை வீடு எப்போதோ தின்றுவிட்டது, காருக்கு அதில் பங்கில்லை.

அப்படியும் மின்சாரம்தான் மலிவு. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 101 ரூபாய் என்றால், அதே இரண்டு மாத ஓட்டத்துக்குச் சுமார் 13,470 ரூபாய் ஆகும். மாதம் சுமார் 5,400 மிச்சம். ஆனால் வெளியே பாஸ்ட் சார்ஜரையே நம்பியிருப்பவர் இந்த எண்ணைத் தொடக்கூடாது. அங்கே யூனிட் 20 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி என்று வைத்தால் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வந்துவிடும்.

அடுத்தது ஷோரூம் விலையை ஒப்பிடுவது. 2023 நவம்பரில் ஏறிய விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18%. 12 லட்ச ரூபாய் காருக்கு அதுவே 2.16 லட்சம். மின்சார காருக்குத் தரப்படும் வரிவிலக்கு காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுவது. எனவே பதிவு செய்யும் தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். வரியெல்லாம் சேர்ந்து வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆகும் ஆன்ரோடு விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

பழைய கட்டுரைகளை நம்புவதும் ஆபத்து. வருமானவரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் மின்சார கார் கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை வருமானவரிக் கழிவு உண்டு என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடனுக்குத்தான் அது. தவிர 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18% ஆகக் குறைந்தது. மின்சார காருக்கு அதே 5%தான். அதற்கு முன் போட்ட விலை வித்தியாசம் எதுவும் இப்போது செல்லாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அடுத்தவர் ஓட்டத்தை நம் கணக்கில் போடுவது. ஆன்ரோடு வித்தியாசம் 2.5 லட்சம் என்றால், மேலே சொன்ன வீட்டில் மாதம் 1,000 கி.மீ. ஓடுபவருக்கு அது நான்கு வருஷத்துக்குள் திரும்பிவிடும். 500 கி.மீ. ஓடினால் ஏழரை வருஷம் (சனியைச் சொல்லவில்லை). அந்த 2.5 லட்சமும் ஐந்து வருடக் கடன் என்றால், 9% வட்டியில் இன்னொரு 60,000 சேர்த்துக்கொள்ளுங்கள். வாரக்கடைசியில் மட்டும் வண்டியை எடுப்பவர் செலவு மிச்சத்துக்காக மின்சார கார் வாங்குவதில் அர்த்தமில்லை.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்திலும் இதே சறுக்கல். எம்ஜி விண்ட்சர் என்ற மின்சார கார் 2024இல் 9.99 லட்சம் என்று வந்தபோது, கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகையும் கூடவே இருந்தது. வீட்டு மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 4.80. பெட்ரோல் 6.70. வித்தியாசம் இரண்டே ரூபாய்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முன்பணம் கட்டும் முன்பே சங்கத்தில் பேசிவிடுங்கள். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுக்க எலக்ட்ரீஷியன் என்ன கேட்கிறார் என்பதும் காரின் விலையோடு சேர்ந்ததுதான்.