இறுகிப்போன மூன்று ஜா சக்கை மீட்டது

பழைய லேத்தோடு வந்த மூன்று ஜா சக் (வேலைத் துண்டை மூன்று தாடைகளால் இறுக்கிப் பிடித்துச் சுழற்றும் பாகம்), சாவி போட்டாலும் அசையவில்லை. கோவையில் என்னைப்போல் ஆசைக்காக லேத் ஓட்டுகிறவர்களின் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அதைப் பார்த்ததும், "சுத்தியலைத் தொடாதீங்க தம்பி, ஊறட்டும்" என்றார். அவர் சொன்னபடி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதும் இளகியது.

பிரித்தால் உள்ளே இரும்புத்தூளும் காய்ந்த கிரீஸும் கெட்டியாக அப்பியிருந்தன. மூன்று ஜாக்களையும் ஒன்றாக நகர்த்தும் சுருள் தட்டைப் பித்தளை பிரஷால் தேய்த்தேன். துருவேறிய வார்ப்பிரும்பு உடலுக்கு மட்டும் மின்பகுப்பு, அதாவது மின்சாரம் பாய்ச்சித் துருவை நீக்குவது: பிளாஸ்டிக் வாளி, வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் சக்குக்கு, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் வரும் என்பதால் மொட்டைமாடியில் வைத்தேன். கடினப்படுத்திய ஜாக்களை அதில் போடவில்லை. ஹைட்ரஜன் ஏறினால் எஃகு நொறுங்கக்கூடும். அவற்றுக்கு எண்ணெயும் நைஸ் எமரியும் போதும். வாளியிலிருந்து எடுத்ததைக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசிவிட வேண்டும்.

மாட்டும்போது வரிசைதான் முக்கியம். சுருளின் முனை 1-ஆம் பள்ளத்தை நெருங்கும்போது 1-ஆம் ஜா, பிறகு 2, அப்புறம் 3. மாறினால் ஜாக்கள் நடுவில் ஒன்றுசேராது. கிரீஸை அப்பாமல் லேசாக எண்ணெய் விட்டேன், தூள் ஒட்டாது.

நேரான கம்பியைப் பிடித்துச் சுழற்றி, சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்ததில், மையம் விலகும் ஆட்டம் 0.08 மி.மீ. பழைய மூன்று ஜா சக்குக்கு நல்ல அளவு. அடுத்தது வெட்டும் உளியைப் பிடிக்கும் டூல் போஸ்ட்.