அமெரிக்க அரசின் கட்டுமான ஒப்பந்தம்: ஆட்சேப மனுவுக்கான கெடு நாள்கள்

அமெரிக்க ஒன்றிய அரசின் கட்டுமான ஒப்பந்தம் விதிமீறலாக வேறொருவருக்கு வழங்கப்பட்டதாகக் கருதும் ஒப்பந்ததாரர், ஜி.ஏ.ஓ. எனப்படும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் ஆட்சேப மனு அளிக்கலாம். ஆனால் கெடு தவறினால், நியாயம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மனு பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும்.

டெண்டர் ஆவணத்திலேயே வெளிப்படையாகத் தெரியும் குறையை, விலைப்புள்ளிகள் திறக்கப்படும் நேரத்துக்கு அல்லது முன்மொழிவுகளைப் பெறும் கெடு நேரத்துக்கு முன்பே ஆட்சேபித்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு, காரணம் தெரியவந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 10 நாள்கள். சனி, ஞாயிறும் இதில் சேரும், கடைசி நாள் விடுமுறையாக அமைந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை நீளும். வாஷிங்டன் நேரப்படி மாலை 5.30 மணிக்குப் பின் வரும் மனு மறுநாள் கணக்கில்தான் சேரும்.

பேச்சுவார்த்தை முறையில் (போட்டி முன்மொழிவுகளை மதிப்பிட்டு) வழங்கப்பட்ட ஒப்பந்தமென்றால், ஒப்பந்தம் வழங்கப்பட்ட அறிவிப்பு கிடைத்த 3 நாள்களுக்குள், உங்கள் முன்மொழிவு ஏன் தேர்வாகவில்லை என்று துறை விளக்கும் விளக்கக் கூட்டம் வேண்டுமென்று எழுத்து மூலம் கேளுங்கள். அப்போது அந்த 10 நாள்கள் கூட்டம் நடந்த நாளிலிருந்து எண்ணப்படும். கட்டுமானத் துறையினர் மிகவும் கவனிக்க வேண்டியது இங்கேதான்: முத்திரையிட்ட விலைப்புள்ளி முறைக்கு இந்தச் சலுகை கிடையாது.

பணியை நிறுத்திவைக்கவும் வேண்டுமென்றால், ஒப்பந்தம் வழங்கப்பட்டு 10 நாள்கள், கட்டாய விளக்கக் கூட்டத்துக்கு (கேட்டால் துறை நடத்தியே ஆக வேண்டியது) குறிக்கப்பட்ட நாளிலிருந்து 5 நாள்கள் ஆகிய இரண்டில் பிந்தியதற்குள் மனு வந்திருப்பதாக ஜி.ஏ.ஓ. அனுப்பும் அறிவிப்பே ஒப்பந்தம் வழங்கிய துறையைச் சென்றடைய வேண்டும். அதை அனுப்ப அந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு என்பதால், மனுவைக் கடைசி நாள்வரை கையில் வைத்திருக்காதீர்கள்.