ஏழாம் மாதத்து இடுப்பு வலி: என் அனுபவம்
கர்ப்பத்தின் ஏழாம் மாதம் பிறந்ததும், கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடிப்படியில் ஒரு காலை ஊன்றும்போதெல்லாம் இடுப்பின் பின்புறம் சுளீரென்று இழுத்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது சகஜம் என்று அத்தை தைலம் தேய்த்துவிட்டார். இதமாக இருந்ததே தவிர வலி தீரவில்லை. மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியோ சிறுநீர்த் தொற்றோ இல்லை என்று உறுதிசெய்த பின்னரே, மஞ்சக்குப்பத்தில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

இடுப்பெலும்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் ஹார்மோன்களால் தளர்வதும், வயிற்றின் எடை முன்னோக்கி இழுப்பதும் இவ்வலிக்குக் காரணமாகலாம் என அவர் விளக்கினார். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை விட்டபடி முதுகை மெல்ல மேலே வளைத்து, பிறகு தொய்யவிடாமல் சமநிலைக்கு மட்டும் கொண்டுவரும் பயிற்சியைச் செய்தேன். ஆயினும், என் கணிப்பில், படுக்கையில் புரளும் முறையை மாற்றியதே பெரும்பலன் தந்தது: முழங்கால்களைச் சேர்த்து, தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்கட்டை உருள்வதுபோல் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுக்கையில் கால்களுக்கிடையே தலையணை. புடவை கட்டும்போது பாவாடையை உட்கார்ந்தே அணிதல். படியேறுகையில் ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் வைத்தல். இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் இறுக்காமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டினேன். உதிரப்போக்கோ, நீர்க்கசிவோ, வயிற்றில் விட்டுவிட்டு வரும் இறுக்கமோ தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.