உருண்டையைச் சுற்றினால் பாட்டு கிடைக்காது: இணைய வானொலியில் புது இசை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

உலகெங்கும் உள்ள வானொலி நிலையங்களை இணையத்தில் கேட்க வைக்கும் ரேடியோ கார்டன் தளத்தை முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். திரையில் தெரியும் பூமி உருண்டையைச் சுழற்றி ஒரு பச்சைப் புள்ளியைத் தொடுகிறார்கள். செனகலில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த புள்ளியில் விளம்பரம். அதற்கடுத்த புள்ளியில் பாதிப் பாட்டு. அரை மணி நேரத்தில் முப்பது நாடு சுற்றிவிட்டு போனை வைத்துவிடுகிறார்கள். நானும் ஒரு மாதம் இப்படித்தான் சுற்றினேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மாதத்தில் புதிதாக ஒரு பாடகரின் பெயர்கூட எனக்குத் தெரியவரவில்லை.

2016-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய அந்தத் தளத்தைக் குறை சொல்லவில்லை. தூரத்து ஊர் என்றாலே புது இசை என்று நாம் நினைப்பதுதான் கோளாறு. வணிக வானொலி எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான், கொஞ்சம் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போடும். நம்மூர் எஃப்.எம். கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லிஸ்பனுக்குப் போனாலும் ஜகார்த்தாவுக்குப் போனாலும், நீங்கள் ஏற்கெனவே கேட்டுச் சலித்த அதே ஆங்கிலப் பாட்டு காத்திருக்கும்.

தேட வேண்டியது ஊரை அல்ல, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் ஆளை. பாரிஸின் ஃபிப் வானொலி 1971-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாஸ் முடிந்ததும் மாலி நாட்டு கிட்டார், அதன் பின்னே ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டு என்று போகும். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய இடமே தெரியாது. அந்த இணைப்புக்குப் பின்னால் ஒரு மனிதக் காது இருக்கிறது. சியாட்டிலின் கே.இ.எக்ஸ்.பி., நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யு., சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம். எல்லாம் இந்த வகைதான். லண்டனின் என்.டி.எஸ்.ஸை மட்டும் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு எடை போடாதீர்கள். அங்கே மணிக்கு மணி ஆள் மாறும், ஆளோடு இசையும் அடியோடு மாறும். இப்போது காது வலிக்கிறதா? அடுத்தவர் வரும்வரை பொறுங்கள். பிடித்தவர் கிடைத்துவிட்டால் அவருடைய நிகழ்ச்சியை மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

பாட்டு ஆப்களில் ‘ரேடியோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது ஒத்த பாட்டைத் தேடித் தரும் இயந்திரம். இந்த வகைக்கு முன்னோடியான பண்டோராவில் இசை தெரிந்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் நூற்றுக்கணக்கான குணங்களைக் குறித்து வைத்தார்கள். அபாரமான வேலைதான். (அது இன்று அமெரிக்காவுக்கு வெளியே கிடைப்பதில்லை, இறக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.) ஆனால் உங்களுக்குப் பிடித்ததைப் போன்ற ஒன்றைத்தான் அதனால் தர முடியும். பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத ஒன்றை அது துணிந்து போடாது. பிடிக்காத பாட்டுக்கெல்லாம் கட்டைவிரலைக் கீழே காட்டினால் வட்டம் இன்னும் சுருங்கிவிடும்.

அப்புறம் நேரக் கணக்கு. கே.இ.எக்ஸ்.பி.யின் காலை 7 மணி, கோடையில் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதை மறந்துவிட்டு, ‘நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள் போல’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கண்விழித்துக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கே.இ.எக்ஸ்.பி.யில் கடைசி இரண்டு வார ஒலிபரப்பைத் தளத்தில் திரும்பக் கேட்கலாம். என்.டி.எஸ்.ஸிலும் டபிள்யூ.எஃப்.எம்.யு.விலும் பல வருடத்து நிகழ்ச்சிகள் பாட்டுப் பட்டியலோடு கிடக்கின்றன.

எல்லாவற்றையும்விட அதிகமாக இழக்க வைப்பது, திரையில் தெரியும் பெயரை அப்படியே நம்புவது. ஒலி நம் போனில் சில நொடிகள் தேங்கித்தான் வெளியே வருகிறது. பாட்டின் பெயரோ சில ஆப்களில் வேறு வழியாக வந்து முந்திக்கொள்ளும், சில நிலையங்களில் ஒரு பாட்டு பின்தங்கிக் கிடக்கும். ஒருமுறை கோரா என்ற மேற்கு ஆப்பிரிக்கத் தந்தி வாத்தியம் ஒலிக்கும் ஒரு பாட்டில் சொக்கிப்போய்த் திரையைப் படம் பிடித்து வைத்தேன். ஒரு வாரம் அந்தப் பெயரைத் தேடித் தேடிக் கேட்டால், வந்ததெல்லாம் ஒரு ஜெர்மன் மின்னணு இசைக்குழு! நான் பிடித்தது அடுத்த பாட்டின் பெயர். பாடலை அடையாளம் காட்டும் ஆப்களும், அறிவிப்பாளர் மேலே பேசினாலோ நேரடிக் கச்சேரியாக இருந்தாலோ கையை விரித்துவிடும். இப்போதெல்லாம் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறேன். நிலையத்தின் தளத்தில் அந்த நேரத்துக்குரிய பட்டியலில் முன்னும் பின்னும் இரண்டு பாட்டுகளைப் பார்த்தால் சிக்கிவிடும்.

டேட்டா விஷயம் சுருக்கமாக: 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஒலிபரப்பு மணிக்கு ஏறக்குறைய 58 எம்பி எடுக்கும். 320 என்றால் 144 எம்பி. அதை ஓடவிட்டு எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு ஜிபிக்கு மேல் காலி. தூங்கும்முன் டைமர் வையுங்கள்.

பிடித்த நிலையங்களைப் பொது ஆப் ஒன்றில் மட்டும் சேமித்து வைப்பதும் வேண்டாம். 2022-லிருந்து பிரிட்டனில் ரேடியோ கார்டனைத் திறந்தால் பிரிட்டன் நிலையங்கள் மட்டுமே கேட்கும், உரிமத் தகராறு காரணம். லண்டனில் இருந்து அதன் வழியே சென்னை வானொலி கேட்டவர்களுக்கு ஒரே நாளில் கதவு மூடியது. நிலையத்தின் சொந்தத் தள முகவரியையும் குறித்து வைத்திருந்தால் இந்த வம்பில்லை.

சரி, புது இசை என்றால் கடல் தாண்டித்தான் இருக்க வேண்டுமா? ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் பெங்களூரு அமிர்தவர்ஷினி, ராகம் என்ற இரண்டு சாஸ்திரிய இசை அலைவரிசைகள் வருகின்றன. சபாக்களின் மாலை நேரக் கச்சேரிக்கு இன்னும் வந்து சேராத இளம் பாடகர்களை நான் அங்கேதான் கேட்கிறேன். ராகம், தாளம், இயற்றியவர், வயலின் யார், மிருதங்கம் யார் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் போதும்.