டயலாக்கை மூடியாச்சு, ஆனா புரோகிராம் இன்னும் ஓடிட்டே இருக்கா?

கடலூர் முதுநகர் துறைமுகத்துல ஒரு மீன் கமிஷன் கடைக்கு பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன், சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ் (ஜன்னல் ஜன்னலா புரோகிராம் எழுதுற முறை, ஒவ்வொரு ஜன்னலும் ஒரு ஃபார்ம்), எடை மெஷின்ல இருந்து கிலோ சீரியல் போர்ட் (ஒரு நேரத்துல ஒரே புரோகிராம்தான் பிடிக்க முடியற கேபிள் இணைப்பு) வழியா நேரா பில்லுக்கே வந்துடும். மறுநாள் விடியக்காலை நாலரைக்கு போன். "தம்பி, மூடிட்டு திரும்ப தொறந்தா எடை வரமாட்டேங்குது, போட்டெல்லாம் கரைக்கு வந்துடுச்சு, சீக்கிரம் வா."

போய்ப் பார்த்தா ஸ்க்ரீன்ல ஒண்ணுமில்ல, டாஸ்க் மேனேஜர்ல என் புரோகிராம் மூணு உட்கார்ந்திருக்கு. மொதல்ல தொறந்தது போர்ட்டை விடவே இல்ல, அப்புறம் வர்றதுக்கு எங்க கிடைக்கும்?

தப்பு என்னோடதுதான். புரோகிராமை ஓட்டிட்டே இருக்கிற அப்ளிகேஷன் டாட் ரன்னுக்கு லாகின் ஃபார்மைக் கொடுத்திருந்தேன், பாஸ்வேர்ட் சரின்னா லாகினை ஹைட் பண்ணிட்டு மெயின் ஃபார்மை ஷோ பண்றது. ஆனா ரன்னுக்கு எந்த ஃபார்மைக் கொடுத்தோமோ அது மூடினாத்தான் ரன் ஓட்டுற லூப் நிக்கும், புரோகிராமும் முடியும். ஹைட் பண்றது ஷட்டரை இறக்கிட்டு கடைக்குள்ளயே படுத்துக்கிற மாதிரி, வெளிய பார்க்கிறவனுக்குத்தான் கடை மூடியிருக்கு.

சரி, செய்ய வேண்டியது:

1. புரோகிராம் டாட் சிஎஸ் ஃபைல்ல மெயினுக்குள்ள (புரோகிராம் தொடங்குற இடம்), யூசிங் பிளாக் (வேலை முடிஞ்சதும் தானே டிஸ்போஸ் பண்ணிடும்) போட்டு லாகின் ஃபார்மை உருவாக்கி ஷோடயலாக் கூப்பிடுங்க, அந்த ஃபார்ம் மூடுற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகாது. யூசிங் கட்டாயம், ஏன்னா ஷோடயலாக்ல திறந்த ஃபார்ம் மூடினாலும் மறையத்தான் செய்யும், டிஸ்போஸ் ஆகாது, அதாவது பிடிச்சு வச்சிருக்கிறதை விடாது.

2. திரும்பி வர்ற டயலாக்ரிசல்ட் (ஃபார்ம் எப்படி மூடுச்சுங்கிற பதில்) ஓகே இல்லன்னா ரிட்டர்ன். மெயின் முடிஞ்சா கதை முடிஞ்சுது. மூலைல இருக்கிற எக்ஸை அமுக்கினாலும் கேன்சல்தான் வரும், அதுக்குத் தனி கோடு வேணாம்.

3. ஓகேன்னா பிளாக்கை விட்டு வெளிய வந்து மெயின் ஃபார்மை ரன்னுக்குக் கொடுங்க.

இவ்வளவும் பண்ணிட்டு மூடிப் பார்த்தா, அப்பவும் டாஸ்க் மேனேஜர்ல இருக்கு! இதுலதான் எனக்கு அரை நாள் போச்சு. எடை படிக்க தனியா ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள்ளயே பக்கத்துல தனியா ஓடுற வேலை) விட்டிருந்தேன், நாமளா உருவாக்குற த்ரெட்டுக்கு இஸ்பேக்கிரவுண்ட் (பின்னணி த்ரெட்டான்னு சொல்ற ப்ராப்பர்ட்டி) சும்மா விட்டா ஃபால்ஸ்தான், அப்படி ஒரு த்ரெட் உயிரோட இருக்கிற வரைக்கும் புரோகிராம் போகாது. அப்ளிகேஷன் டாட் எக்ஸிட் போட்டாலும் அசையாது. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி அதை ட்ரூ ஆக்கினேன், ஒரே வரி, அவ்வளவுதான்.

என்விரான்மென்ட் டாட் எக்ஸிட் போட்டா ஒரே அடியா மூடிடுமேன்னு சொல்வாங்க. மூடும். ஆனா ஃபார்ம் மூடுறதுக்கு முன்னாடி வர்ற ஃபார்ம்க்ளோசிங் ஓடாது, நான் பாதி பில்லை சேவ் பண்றதே அதுலதான், அதனால எனக்கு அது பிடிக்காது. அப்புறம் டாஸ்க் மேனேஜரை விட ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் (மைக்ரோசாஃப்ட்டோட டூல்) வச்சுக்கோங்க, பில்ட் பண்றப்போ எக்ஸ்இ (நம்ம புரோகிராம் ஃபைல்) லாக் ஆயிருக்குன்னு எரர் வந்தா யார் பிடிச்சிட்டிருக்காங்கன்னு அதுல தேடிடலாம்.

அப்டேட்: பாண்டிச்சேரில இருந்து ஒரு தம்பி, தப்பான பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ள போயிடுது அண்ணேன்னார். டிசைனர்ல பட்டனோட டயலாக்ரிசல்ட் ப்ராப்பர்ட்டியையே ஓகேன்னு வச்சிருக்கார், அப்படி வச்சா க்ளிக் பண்ணினதுமே டயலாக் ஓகேன்னு சொல்லி மூடிக்கும். அதை நன் (None)னு மாத்திட்டு, பாஸ்வேர்ட் சரின்னு செக் பண்ணின பிறகு கோடுல ஃபார்மோட டயலாக்ரிசல்ட்டை ஓகே ஆக்குங்க, தானா மூடிடும், க்ளோஸ் கூட எழுத வேணாம்.